ஊட்டியில் வெள்ளைக்காரன் கட்டாத பழசு எது?

கேள்வியைச் சுருக்கித் திரும்பச் சொல்லிவிடுகிறேன், பிறகு படிக்க வருகிறவர்களுக்கும் உதவும். திருச்சியிலிருந்து ஒரு குடும்பம் டிசம்பர் கடைசியில் மூன்று நாள் நீலகிரிக்கு வருகிறது. படகு, ரோஜாப் பூங்கா எல்லாம் போன முறையே பார்த்தாயிற்று. கூட வரும் அம்மாவுக்கு 68 வயது, மூட்டுவலி. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குப் படம் வரைவதில் ஆர்வம். "கலை, வரலாறு சம்பந்தமான இடங்களாகச் சொல்லுங்கள். எதைக் கேட்டாலும் வெள்ளைக்காரன் கட்டியது என்கிறார்கள். அதற்கு முன்னால் அங்கே ஒன்றுமே இல்லையா?" என்று முடித்திருக்கிறீர்கள். இடங்களின் பட்டியல் எங்கு தேடினாலும் கிடைக்கும். உங்களை உறுத்துவது அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் இந்த மாவட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அவர்களைக் கூட்டிக்கொண்டு மேடு மேடாகக் கல் தேடி அலைந்தது உண்டு. ஆகவே கல், கட்டிடம், ஆவணம் பற்றி நான் சொல்வதை ஓரளவு தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். பழங்குடி மக்களின் சடங்கு, இசை பற்றிச் சொல்வது வேலிக்கு வெளியே நின்று பார்த்தவன் சொல்வது. அதில் அவர்கள் வார்த்தைதான் கடைசி வார்த்தை.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819 ஜனவரியில் மலை ஏறினார், அதோடு நீலகிரி 'கண்டுபிடிக்கப்பட்டது' என்று சுற்றுலாப் பலகைகள் சொல்லும். அவர் ஏறி வந்தபோது இங்கே எருமை மேய்ந்துகொண்டிருந்தது, வயலில் சாமை விளைந்துகொண்டிருந்தது, உலையில் இரும்பு காய்ந்துகொண்டிருந்தது. அவருக்கு 200 வருடத்துக்கு முன்பே, 1603இல், ஃபெனிசியோ என்ற ஏசு சபைப் பாதிரியார் மலபார் பக்கமிருந்து ஏறி வந்து, இங்கே எருமை மேய்க்கும் பழங்குடியான தோடர்களைச் சந்தித்து எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இன்னும் பின்னால் போனால், ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்தனனின் தளபதி புணிசன், தோடர்களை நடுங்க வைத்து நீலமலையைப் பிடித்ததாகப் பெருமை பேசும் 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டு சாமராஜநகரில் இருக்கிறது. இந்த மூன்றும் உறுதியான செய்திகள். சிலப்பதிகாரத்தில் சேரன் செங்குட்டுவன் வடக்கே போகும் வழியில் நீலகிரியில் தங்குகிறானே, அது இந்த மலைதானா என்பது மட்டும் உறுதியில்லை. கலிங்கத்துப் பக்கம் ஒரு நீலகிரி உண்டு என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊர்ப் பெருமைக்காக நான் அந்த வரியைப் பிடித்துத் தொங்குவதில்லை.

பிறகு ஏன் ஒரு பழைய கோபுரமோ அரண்மனையோ கண்ணில் படவில்லை? இங்கே அப்படி ஒன்றைக் கட்டும் அரசு எதுவும் உட்காரவில்லை. தோடர்கள் பாலும் நெய்யும் தந்தார்கள். கோத்தர்கள் மண்பாண்டமும் இரும்புக் கருவியும் செய்தார்கள். படகர்கள் தானியம் விளைவித்தார்கள். குறும்பர்கள் காட்டிலிருந்து தேன் கொண்டு வந்தார்கள், மந்திரமும் அவர்கள் கையில். ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கியே வாழ்ந்த மலை இது. அவர்கள் கட்டியதெல்லாம் புல், மூங்கில், பிரம்பு, மண். மழை தின்றுவிடும், மறுபடி கட்டுவார்கள். அதனால் பொருளுக்கு வயது குறைவாகவும் செய்முறைக்கு வயது அதிகமாகவும் இருக்கும். தஞ்சாவூர்க் கண்ணோடு பார்த்தால் இங்கே ஒன்றும் தெரியாது.

கல்லில் மிஞ்சியது ஒன்று உண்டு, செத்தவர்களுக்குக் கட்டியது. மேட்டு உச்சிகளில் கிணற்று உறை மாதிரி வட்டமாகக் கல்லடுக்கி, நடுவில் மண்பாண்டங்களைப் புதைத்த ஈமச் சின்னங்கள் நீலகிரி முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. மாவட்டத்தின் முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் 1870களின் தொடக்கத்தில் பலவற்றைத் தோண்டினார். கிடைத்தவற்றைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். அடுக்கடுக்காக வளையம் வைத்த உயரமான ஜாடிகள், அவற்றின் மூடிமேல் எருமை, காளை, குதிரை, மனிதன் என்று கையால் பிசைந்து வைத்த உருவங்கள். ஒவ்வொரு எருமைக்கும் ஒரு கொம்பு வளைவு, ஒரு முறைப்பு. கூடவே மெல்லிய தகடாக அடித்த வெண்கலக் கிண்ணங்கள், இரும்பு ஆயுதங்கள், கொஞ்சம் பொன் நகை. சமவெளியில் கிடைக்கும் பெருங்கற்காலப் பானைகளோடு இவற்றை வைத்தால் வேறு உலகத்துப் பொருள் மாதிரி இருக்கும். ஊட்டியில் தேடாதீர்கள். இந்தத் தொகுப்பின் பெரும்பங்கு சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது, சில லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயின. உங்கள் மகளுக்கு இதில் ஆர்வம் வந்தால், அடுத்த முறை சென்னை போகும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தோடு எழும்பூரில் அரை நாள் விட்டுவிடுங்கள்.

இவற்றின் வயதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். கி.பி. முதல் சில நூற்றாண்டுகள் என்பது பலர் ஏற்கும் கணக்கு, அதற்கும் முந்தையது என்பவர்களும் உண்டு. புதைத்தவர்கள் தோடர்களின் முன்னோரா, வேறு யாரோவா என்ற சண்டை பிரீக்ஸ் காலத்திலிருந்து ஓயவில்லை. வெண்கலக் கிண்ணம் இங்கே செய்ததா, வணிகத்தில் வந்ததா என்பதும் அப்படித்தான். வழிகாட்டி யாராவது "ஐயாயிரம் வருஷம் சார்" என்று அடித்துச் சொன்னால் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளுங்கள்.

உயிரோடு இருக்கும் பழசு என்றால் முதலில் தோடர் கோயில்தான். தோடர் குடியிருப்பை மந்து என்பார்கள். தாவரவியல் பூங்காவின் மேல் முனையில் ஒரு மந்து இருக்கிறது, அரைவட்டக் கூரை வேய்ந்த பழைய பாணி வீட்டை அங்கே பார்க்கலாம். பூங்கா வேண்டாம் என்றீர்கள், இதற்காக மட்டும் போகலாம். ஆனால் அம்மாவுக்கு அந்த ஏற்றம் கஷ்டம். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தநாடு மந்தில் உள்ள கோயில் வேறு வடிவம், கூம்பாக வானத்தைப் பார்த்து நிற்கும். அந்தக் கோயிலை அவர்கள் மூன்போ என்பார்கள். உள்ளே சிலை கிடையாது. கோயில் என்பதே பால் கடைந்து வைக்கும் புனித இடம்தான். எருமையைக் கறப்பதும் தயிர் கடைவதும்தான் வழிபாடு. பூசாரி மட்டும் ஒரு சின்ன வாசல் வழியாகத் தவழ்ந்து உள்ளே போவார். கூரைக்கு வேண்டிய புல் சதுப்பு நிலத்தில் வளர்வது. சதுப்பு நிலங்கள் காய்கறித் தோட்டமாகவும் கட்டிடமாகவும் மாறிய பிறகு அந்தப் புல்லைத் தேடி வெகுதூரம் அலைய வேண்டியிருக்கிறது. ஒரு கட்டிடக் கலை அழிவதற்குக் கொத்தனார் இல்லாமல் போக வேண்டும் என்பதில்லை, புல் இல்லாமல் போனால் போதும்.

ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மந்து என்பது ஒரு குடும்பம் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கும் இடம். கோயிலைச் சுற்றிக் கல்மதில் இருக்கும், அதைத் தாண்டக் கூடாது. பெண்கள் கோயிலை நெருங்குவதில் தோடர் பெண்களுக்கே கட்டுப்பாடு உண்டு. உங்கள் மகளுக்கு இது பிடிக்காமல் போகலாம், அவளோடு முன்கூட்டியே பேசிவிடுங்கள். முதலில் கண்ணில் படும் பெரியவரிடம் கேட்டு, அவர் சரி என்றால் படம் எடுங்கள். இல்லை என்றால் வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். காரை நேராக உள்ளே கொண்டுபோய் நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் ரத்தம் கொதிக்கும்.

படம் வரைகிற பெண்ணுக்கு நான் காட்ட விரும்புவது தோடர் பூவேலைதான். ஊட்டிக் கடைகளில் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும் கலந்த சால்வையைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் போர்த்தும் பெரிய போர்வைக்குப் பூத்துக்குளி என்று பெயர். தோடர்கள் நெய்வதில்லை, முரட்டுப் பருத்தித் துணியைச் சமவெளி நெசவாளர்களிடமிருந்து வாங்கித்தான் காலம் காலமாக வேலை செய்கிறார்கள். பூவேலை முழுக்கப் பெண்களுடையது. துணியில் கோடு போட்டுக்கொள்வது கிடையாது, மாதிரிப் படமும் கிடையாது. துணியின் இழையை விரலால் எண்ணி எண்ணி ஊசியை விடுகிறார்கள். இன்னொரு விசேஷம், நாம் எதைப் பின்பக்கம் என்போமோ, நூல் சிறு சிறு கண்ணியாகத் தூக்கி நிற்கும் அந்த முரட்டுப் பக்கம்தான் அவர்களுக்கு முன்பக்கம். அதனால்தான் தூரத்திலிருந்து பார்த்தால் தைத்தது போலத் தெரியாது, நெய்தது போலத் தெரியும். இறந்தவரைப் புதிய பூத்துக்குளியில் போர்த்தி அனுப்புவது அவர்கள் வழக்கம். அந்த வேலைதான் இப்போது கைப்பை, மேசை விரிப்பு, கைபேசி உறை என்று சந்தைக்கு வருகிறது. 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

குறியீடு கிடைத்த கையோடு போலியும் பெருகிவிட்டது. அச்சடித்ததையும் மெஷினில் தைத்ததையும் தோடர் சால்வை என்று விற்கிறார்கள். விரலால் தடவிப் பாருங்கள், கைவேலையில் நூல் மேடாகத் தட்டுப்படும். கோணங்கள் கச்சிதமாக இருந்தாலும் ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் மயிரிழை வித்தியாசம் இருக்கும். விலை மிகக் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள், பெரிய சால்வைக்குப் பல வாரம் உட்கார்ந்து தைக்க வேண்டும். தோடர் பெண்களே சேர்ந்து விற்கும் இடங்கள் ஊட்டியில் உண்டு, அங்கே வாங்கினால் பணம் நேராகப் போய்ச் சேரும். தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். மகளுக்குக் கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள், இழை எண்ணும் முறை அதில் வரைந்தால் சட்டென்று பிடிபடும்.

டிசம்பர் கடைசி என்பதால் உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கலாம். மலையின் திருவிழாக்கள் பலவும் டிசம்பர், ஜனவரியில்தான் வருகின்றன. முத்தநாடு மந்தில் தோடர்களின் மொற்பர்த் நடக்கும், ஆண்கள் வட்டமாகக் கைகோத்து ஆடுவார்கள், இளைஞர்கள் உருண்டைக் கல்லைத் தோளுக்குத் தூக்கிக் காட்டுவார்கள். படகர்களின் ஹெத்தையம்மன் திருவிழா மார்கழியில் வரும், கோத்தகிரிக்குப் பக்கத்தில் பேரகணிக்கு ஆயிரக்கணக்கானவர்கள் வெள்ளை உடையில் நடந்து போவார்கள். கோத்தர்கள் அய்யனோர், அம்மனோரைக் கும்பிடும் கம்பட்டராயர் திருவிழாவும் இதை ஒட்டித்தான். கோத்தர் இசையைக் கேட்க வாய்த்தால் விடாதீர்கள். சீவாளி வைத்து ஊதும் குழலும் தோல் கருவிகளும் வளைந்த பித்தளைக் கொம்பும் சேர்ந்து எழும்பும்போது தரை அதிரும். ஒரு காலத்தில் தோடர், படகர் வீட்டுச் சாவுக்கும் கோத்தர்தான் வாசிக்க வேண்டும் என்று இருந்தது, இருபதாம் நூற்றாண்டில் அந்தக் கட்டாயத்தை அவர்கள் உதறினார்கள். நாள் எல்லாம் அந்தந்த ஊர்ப் பெரியவர்கள் குறிப்பது. கிளம்புவதற்கு முந்தைய வாரம் உள்ளூர்ச் செய்தித்தாளைப் பார்த்துவிட்டு, வெளியாட்கள் வரலாமா என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.

மகளுக்கு இன்னொன்றும் பிடிக்கும். கோத்தகிரி பக்கம் பாறை ஓவியங்கள் உள்ள இடங்கள் இருக்கின்றன; வெள்ளரிக்கொம்பை, கரிக்கியூர் இரண்டும் பெயர் பெற்றவை. ஆனால் அங்கே போகச் சொல்ல மாட்டேன். காட்டுக்குள் நடக்க வேண்டும், வனத்துறை அனுமதி வேண்டும், யானை உண்டு. கரிக்கியூரில் போனவர்கள் தங்கள் பெயரைக் கிறுக்கியே நிறைய ஓவியத்தைப் பாழாக்கிவிட்டார்கள். வயது பற்றி நான் முன்பு சொன்ன அதே எச்சரிக்கை இங்கேயும் உண்டு. அதற்குப் பதிலாக ஆலு குறும்பர் ஓவியர்கள் இன்றைக்குத் தாளில் வரையும் படங்களைத் தேடிப் பாருங்கள். பாறையில் தேன் எடுப்பது, கொடியில் தொங்கி இறங்குவது, ஊர் ஆட்டம் எல்லாம் குச்சி குச்சியான உருவங்களில் இருக்கும். வேங்கை மரத்தின் பிசினிலிருந்து எடுக்கும் செம்பழுப்பு நிறம்தான் அதன் அடையாளம். பாறை ஓவியத்துக்கும் இதற்கும் அறுபடாத தொடர்ச்சி உண்டு என்று குறும்பர்கள் சொல்கிறார்கள். ஆய்வாளன் என்ற முறையில் எனக்கு அதை நிரூபிக்க வழியில்லை, பார்க்கிற கண்ணுக்கு நம்பத் தோன்றும்.

இவ்வளவையும் அம்மாவின் முழங்காலைப் படுத்தாமல் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்றால் முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது, ஊட்டியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு மக்களின் வீட்டு மாதிரிகளும் கருவிகளும் நகைகளும் வைத்திருக்கிறார்கள். பளபளப்பை எதிர்பார்க்காதீர்கள், அரசு அருங்காட்சியகம் எப்படி இருக்குமோ அப்படித்தான். கூட்டம் இருக்காது, அதுவே பெரிய வசதி. விடுமுறை நாளா என்று மட்டும் கேட்டுக்கொண்டு போங்கள்.

சரி, வெள்ளைக்காரன் கட்டியதையும் அடியோடு ஒதுக்க வேண்டாம். ஊட்டி அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் கல் பங்களா சல்லிவன் 1822இல் கட்டத் தொடங்கியது, ஊட்டியில் வெள்ளைக்காரன் கட்டிய முதல் வீடு. புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு 1829இல் அடிக்கல் நாட்டினார்கள். அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்புவின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டு வந்தவை என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்கிறார்கள். வழிவழியாக வரும் செய்தி. நிமிர்ந்து பார்த்தால் மரம் அந்தக் கதைக்குத் தகுந்த மாதிரிதான் இருக்கிறது. பின்னால் உள்ள கல்லறைத் தோட்டத்தில் சல்லிவனின் மனைவியும் மகளும் இருக்கிறார்கள். நீலகிரி நூலகத்தின் செங்கல் கட்டிடம், சென்னையில் பல கட்டிடங்களை வடிவமைத்த சிசம் போட்ட திட்டம். குன்னூர் பக்கம் திப்பு கோட்டை என்று காட்டும் பக்காசூரன் மலைக்கு அம்மாவோடு போக வேண்டாம், தேயிலைத் தோட்டத்து வழியே நல்ல நடை, போய்ச் சேர்ந்தால் இடிந்த சுவர்தான் மிச்சம்.

கூடலூர் சாலையில் நடுவட்டம் போக நேரம் இருந்தால் போங்கள். 1860களில் மலேரியாவுக்கு மருந்தான சின்கோனா மரத்தை அரசு இங்கே பயிரிட்டது. ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய அதே மெக்கைவர்தான் அதற்கும் பொறுப்பு. வேலைக்கு ஆள் போதாமல், மலாய்க் கடற்கரைக் குடியேற்றங்களிலிருந்து கொண்டு வந்த சீனக் கைதிகளை வைத்து நட்டார்கள். அவர்களை அடைத்த சிறையின் கட்டிடம் இன்னும் நிற்கிறது. பூங்காவைப் பார்க்கும் லட்சம் பேரில் இதைப் பார்க்கிறவர் ஒருவர் இருந்தால் அதிகம்.

மலை ரயிலைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இல் ஓடத் தொடங்கியது, 1908இல் ஊட்டி வரை நீண்டது. 46 கிலோமீட்டரில் 208 வளைவு, 16 குகை, 250 பாலம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே 12 அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவில், தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புச் சட்டத்தைச் சக்கரம் கவ்விக்கொண்டு ஏறும், நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. புதிய இன்ஜின்கள் சிலவற்றை உங்கள் ஊர்ப் பொன்மலைப் பணிமனையில்தான் செய்தார்கள். முழுப் பயணம் ஐந்து மணி நேரத்துக்குப் பக்கம், இருக்கை நெருக்கடி. அம்மாவோடு என்றால் குன்னூரிலிருந்து ஊட்டி வரை மட்டும் ஏறுங்கள். அந்தப் பகுதியில் டீசல் இன்ஜின்தான், புகை இருக்காது. டிசம்பர் விடுமுறைக்கு டிக்கெட் இப்போதே போட்டால்தான் கிடைக்கும்.

என்னைக் கேட்டால் முதல் நாள் முத்தோரை பாலாடாவும் பூவேலைக் கடையும், இரண்டாம் நாள் காலை முத்தநாடு மந்து, மதியத்துக்கு மேல் தேவாலயமும் நூலகமும். முதல் நாள் அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டால் மறுநாள் மந்தில் எதைப் பார்க்கிறோம் என்று புரியும், கேள்வியும் மரியாதையாக வரும். 2024 மே முதல் வெளி மாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம், கிளம்புமுன் இணையத்தில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலைச் சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள். டிசம்பர் கடைசியில் விடியற்காலை உறைபனி விழும், அம்மாவுக்குக் காலுறையும் காது மூடும் குல்லாவும் மறக்க வேண்டாம். மூன்றாம் நாள் இறங்கும்போது குன்னூர் வழியை விட்டுக் கோத்தகிரி வழியைப் பிடியுங்கள். கண்ணேரிமுக்கில் சல்லிவன் முதலில் தங்கிய பெத்தக்கல் பங்களாவைப் புதுப்பித்துச் சின்ன அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், பழைய படங்கள் நிறைய இருக்கின்றன. அங்கே ஒரு மணி நேரம் போதும், மேட்டுப்பாளையத்துக்கு இருட்டும் முன் இறங்கிவிடலாம்.